சாவியைப் போடாதீங்க!



சென்ற மாதம் இதே பகுதியில் ஒரு சகோதரி, கணவர் காலமான பிறகு எந்த பாங்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பீரோவைக் குடைந்து கொண்டிருந்ததைப் பற்றி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அப்படிக் குடைந்து, கடைசியில் கிடைத்த ஒரு காகிதத்தோடு வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் 37 வருஷம் என் வேலையாக இருந்தது.

1987-ல் ஒரு பொது இன்சூரன்ஸ் கம்பெனியில் உதவியாளராகச் சேர்ந்தேன். 2024 மே மாதம் ரிட்டயர் ஆனேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் கார், பைக், வீடு, கடை இவற்றுக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் கிளெய்ம் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. எனக்குக் கீழே பதினோரு பேர்.

பொறுப்பை ஏற்ற புதிதில் என்னை யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதே உண்மை. ஒர்க்ஷாப்காரர்கள் போன் செய்தால், "சார் யாராவது இருக்காங்களா, குடுங்க மேடம்" என்பார்கள். டிங்கரிங் என்றால் என்ன, பெயின்ட்டுக்கு எத்தனை கோட், எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தலாம்... இதெல்லாம் ஒரு பொம்பளைக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. நான் சண்டைக்குப் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் பாடியில் ஒரு ஒர்க்ஷாப்பில் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விடுவேன். புதுப்பேட்டையில் பழைய பார்ட் என்ன விலை என்று கடை கடையாய்க் கேட்டு நோட்டில் எழுதி வைத்தேன். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசத் தெரிந்த நமக்கு, பம்பர் விலை பேசத் தெரியாதா என்ன! ஆறு மாதத்தில் "மேடம்கிட்டேயே பேசிக்கறேன்" என்றானார்கள்.

என் டீமில் முதலில் நான் மாற்றியது ஒன்றே ஒன்று. கிளெய்ம் 'இல்லை' என்றால் எங்கள் ஆபீசில் ஒரு கடிதம் போகும். முழுக்க இங்கிலீஷ். பாலிசி கண்டிஷன் நம்பர் இத்தனை, அதன்படி வருந்துகிறோம் என்று இருக்கும். வாங்கியவர் பக்கத்து வீட்டுக் காலேஜ் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவனுக்கும் புரியாது. அதனால், இல்லை என்று சொல்வதாக இருந்தால் கடிதம் போவதற்கு முன் அந்த ஃபைலைப் பார்த்தவரே போன் செய்து, தமிழில், ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றேன். "திட்டுவாங்க மேடம்" என்றார்கள். "திட்டட்டும், அஞ்சு நிமிஷம் கேட்டுக்குங்க" என்றேன். முதல் மாதம் இரண்டு பேர் என்னிடம் வந்து அழுதார்கள். ஒருவர் வேறு செக்ஷனுக்கு மாற்றல் கேட்டார். ஆனால் அப்படிப் பேசும்போதுதான், பத்தில் ஒன்றில் நாங்களே தப்பாகப் படித்திருக்கிறோம் என்று தெரிய வந்தது.

இனி 2015 டிசம்பருக்கு வருகிறேன். டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாற்றில் வந்த வெள்ளத்தைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. 4-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என் பதினோரு பேரில் ஐந்து பேர்தான் ஆபீஸ் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு பெண் பிள்ளை, சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிட்டிக்குள் ஹாஸ்டலில் இருந்தாள். அப்பா, அம்மா முடிச்சூரில். மாடி மேல் ஏறியிருக்கிறார்கள் என்று இரண்டு நாள் முன்னால் கடைசியாகப் பேசினதோடு சரி, அதற்கப்புறம் லைன் கிடைக்கவில்லை. "நீ போம்மா, லீவு எடுத்துக்கோ" என்றேன். "எங்க மேடம் போறது, ரோடே இல்லையே. இங்க உட்கார்ந்தாலாவது போன் பக்கத்துல இருக்கும்" என்று உட்கார்ந்து விட்டாள். அன்று முழுவதும் முன்பின் தெரியாதவர்களின் கார் தண்ணீரில் நிற்பதைப் பற்றிக் கேட்டு ரிஜிஸ்டரில் எழுதிக் கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்தது. ஜாபர்கான்பேட்டை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். சீட் வரை தண்ணீர் ஏறி வடிந்திருக்கிறது. வீட்டுக்காரர் துடைத்து விட்டு சாவியைப் போட்டுத் திருப்பியிருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் போச்சு.

இது ஏன் என்று சகோதரிகள் தெரிந்து கொள்ள வேண்டும். இன்ஜினுக்குள் காற்று போகும் வழியாகத் தண்ணீரும் போய் உட்கார்ந்திருக்கும். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் வேகமாக மேலே வந்து அந்தத் தண்ணீரில் முட்டும்போது உள்ளே இருக்கும் ராடு வளைந்து விடும், சில சமயம் உடைந்தே போகும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு பாலிசியில் பணம் உண்டு. ஆனால் சாவி போட்டதால் உடைந்த இன்ஜினை 'வெள்ளத்துக்குப் பிறகு நீங்களாக வரவழைத்துக் கொண்ட சேதம்' என்று கம்பெனிகள் ஒதுக்கி விடும். தனியாகக் கொஞ்சம் பணம் கட்டி இன்ஜினுக்கென்று சேர்த்துக் கொள்ளும் பாதுகாப்பு உண்டு. அதை எடுக்காதவர்கள்தான் அநேகம் பேர்.

சர்வேயர் என்பவர் எங்கள் ஆபீஸ் சம்பளக்காரர் இல்லை, லைசென்ஸ் வாங்கித் தனியாகத் தொழில் செய்பவர். அவரும் அப்படியே ரிப்போர்ட் கொடுத்திருந்தார். சீட், வயரிங், ஆயில் இதற்கெல்லாம் சேர்த்து 22 ஆயிரம் கொடுக்கலாம். இன்ஜினுக்கான 85 ஆயிரம் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வழக்கப்படி போனும் போயிற்று.

மறுநாள் அந்த வீட்டம்மா நேரில் வந்து விட்டார். நாற்பது வயதிருக்கும். சத்தம் போடவில்லை.

"தண்ணி புகுந்தா இன்சூரன்ஸ்ல வரும்தானேம்மா?"

"வரும்மா."

"அப்ப சாவி போட்டதுதான் தப்பா?"

"ஆமாம்மா."

"அதை யாரு எங்ககிட்ட சொன்னாங்க? அவரு காலைலயே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிட்டாரு. ஆளு வருவாங்கன்னு சொன்னீங்க. சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டுதான் சாவி போட்டாரு. என் வளையல் நாலும் மேடம் அந்தக் காரு."

ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 4-ஆம் தேதி, காலை 11.20. 'கார் தண்ணீரில். சர்வேயர் வருவார் என்று சொல்லப்பட்டது.' அந்தப் பெண் பிள்ளையின் கையெழுத்து. அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் எழுதிய கையெழுத்து.

சாவி போடாதீர்கள் என்று சொல்லச் சொல்லி அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நான் கற்றுக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியும், பாடி ஒர்க்ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கற்றதில் அதுவும் ஒன்று. எனக்குத் தெரிந்தது என் டீமுக்குத் தெரியும் என்று நானாக நினைத்துக் கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் ரீஜனல் ஆபீசுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். வாடிக்கையாளர் உரிய நேரத்தில் தகவல் சொன்னார், எங்கள் பக்கம் எச்சரிக்கை சொல்லப்படவில்லை, அப்படிச் சொல்ல வேண்டும் என்று பிரிவின் பொறுப்பாளரான நான் உத்தரவு எதுவும் கொடுத்திருக்கவில்லை, ஆகவே இன்ஜின் செலவில் ஒரு பகுதியாவது கொடுக்கப் பரிந்துரைக்கிறேன் என்று. போனை எடுத்தது யார் என்று எழுதவில்லை. குறிப்பு பதினைந்து நாளில் திரும்பி வந்தது. முடியாது.

அந்த அம்மாவைக் கூப்பிட்டு இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ் இருப்பதைச் சொன்னேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது. முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அங்கே போகலாம். "நீங்க எத்தனை மணிக்குப் போன் பண்ணீங்களோ அதை மறக்காம எழுதுங்க" என்று மட்டும் சொன்னேன். போனார்கள். இன்ஜின் செலவில் பாதியைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அதன் பிறகு எனக்கு ஒரு மெமோ வந்தது. கம்பெனியின் நலனுக்கு விரோதமாக ஃபைலில் குறிப்பு எழுதியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். நடவடிக்கை ஒன்றும் இல்லை. அந்த வருஷப் பிரமோஷன் லிஸ்டில் என் பெயரும் இல்லை. இதற்காகத்தானா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்தான், "உனக்கு எதுக்கு ஊர் வம்பு" என்று ஒரு வாரம் முணுமுணுத்துக் கொண்டிருந்தார்.

அவர் கதையையும் சொல்லி விடுகிறேன். ஊருக்கெல்லாம் கிளெய்ம் பார்க்கும் என் வீட்டில் 2020-ல் ஸ்கூட்டர் திருட்டுப் போயிற்று. "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு, கவலைப்படாதே" என்றார். எடுத்துப் பார்த்தேன். 2018 செப்டம்பரிலிருந்து புது டூ வீலர் வாங்கினால் ஐந்து வருஷத்துக்கும், கார் வாங்கினால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத்தான் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கொடுப்பார்கள். அது நம் வண்டி யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கொடுப்பதற்கு. நம் வண்டி உடைந்தால், காணாமல் போனால் வருவது வேறு பகுதி. அதைப் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மட்டுமே போட்டிருப்பார்கள். எங்களுடையது நாலு மாதம் முன்பே முடிந்திருந்தது! ஸ்கூட்டர் போனது போனதுதான். டீமில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக் கிளெய்ம்களில் நான் கண்ட விசித்திரம் ஒன்று. வெள்ளம் வடிந்ததும் நாம் என்ன செய்வோம்? முந்தானையைச் செருகிக் கொண்டு வீட்டைக் கழுவுவோம். பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்ப்போம். ஊறிப் போன மெத்தையை ரோட்டில் எறிவோம், கார்ப்பரேஷன் லாரி அள்ளிக் கொண்டு போய் விடும். நாலு நாள் கழித்து சர்வேயர் வந்து பார்த்தால் வீடு பளபளவென்று இருக்கும். எதை வைத்து எழுதுவார்? சுத்தக்காரிகள்தான் அதிகம் நஷ்டப்பட்டார்கள் என்றால் நம்புவீர்களா! கழுவும் முன் ஒவ்வொரு அறையிலும் நின்று போட்டோ எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் இருக்கும் நம்பர் தெரிய வேண்டும். வீசத்தான் வேண்டும் என்றால் போன் செய்து சொல்லி விட்டு, போட்டோ எடுத்து விட்டு வீசுங்கள்.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் இன்னொன்றும் பாருங்கள். கடன் கொடுத்த பாங்கே பல இடங்களில் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கும். பாஸ்புக்கில் வருஷத்துக்கு ஒரு தடவை சின்னத் தொகையாகப் பிடித்திருப்பார்கள். 2015-ல் கார் கிளெய்முக்கு வந்த ஒருவரின் பாஸ்புக்கைப் புரட்டும்போது என் டீம் பையன் ஒருவன் அதைப் பார்த்துச் சொல்லித்தான், இடிந்த காம்பவுண்டு சுவருக்கும் கெட்டுப் போன வயரிங்குக்கும் அவர்களுக்குப் பணம் கிடைத்தது. அவர்களுக்கே தெரியாது.

ஆனால் அதிலும் பாதிதான் வந்தது. அந்தக் காலத்துப் பாலிசிகளில் ஒரு கணக்கு உண்டு. திரும்பக் கட்ட 20 லட்சம் ஆகும் வீட்டை 10 லட்சத்துக்கு மட்டும் இன்சூர் செய்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் கொடுப்பார்கள். இதை விளக்குவதற்குள் எங்களுக்குத் தொண்டை வற்றிவிடும். 2021 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசியில் இந்த வெட்டு இல்லை. வீட்டுக்கு எடுத்தால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மனையின் விலையைச் சேர்க்காதீர்கள், கட்டடச் செலவை மட்டும் பாருங்கள். நிலம் எரியப் போவதில்லை.

கார் பில் முழுசாக வரவில்லை என்று சண்டை போடுவோரும் உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பாட்டரி இவற்றுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். இரும்புத் தகட்டுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் கழிப்பது இல்லை. கழிக்கவே கூடாது என்றால் 'பம்பர் டு பம்பர்' என்று கூடப் பணம் கட்டி எடுக்க வேண்டும்.

இனி சொல்லப் போவதைத்தான் அந்தச் சகோதரியின் கடிதத்தைப் படித்ததும் முதலில் நினைத்தேன். 2021-ல் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண், முப்பது வயது, மடியில் குழந்தை. கணவர் பைக்கில் போகும்போது சறுக்கி விழுந்து இறந்து விட்டார். எதிரே வண்டி எதுவும் இல்லை. "தானா விழுந்ததுக்கு ஒண்ணும் வராது"ன்னு எல்லாரும் சொல்லி விட்டார்களாம். பைக் ரிப்பேருக்காவது 18 ஆயிரம் வருமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். பாஸ்புக்கைப் பார்த்த அதே பையன்தான் பாலிசியைப் புரட்டி விட்டு எழுந்து என்னிடம் ஓடி வந்தான். "மேடம், இதுல ஓனர்-டிரைவர் ஆக்சிடென்ட் கவர் இருக்கு. லைசென்சும் நடப்புல இருக்கு."

வண்டியின் சொந்தக்காரர், லைசென்ஸ் உள்ளவர், அதே வண்டியால் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம். 2018 கடைசிக்கு முன் டூ வீலருக்கு வெறும் 1 லட்சமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. "எவ்வளவு கட்டணும் மேடம்?" என்று கேட்டார்.

நாமினி இடத்தில் ஷோரூம்காரர்கள் யார் பெயரையும் எழுதாமல் 'லீகல் ஹேர்' என்று போட்டிருந்தார்கள். அதனால் தாசில்தாரிடம் வாரிசு சர்டிபிகேட் வாங்கி வர ஐந்து மாதம் ஆயிற்று. மாமியாருக்கும் இவருக்கும் அதற்குள் ஏகப்பட்ட மனஸ்தாபம். ஷோரூமில் அந்த ஒரு கட்டத்தில் ஒரு பெயரை எழுதியிருந்தால் அத்தனையும் இல்லை. தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வீட்டு வண்டி பாலிசியை எடுத்துப் பாருங்கள். அந்த 15 லட்சம் கவர் இருக்கிறதா? எந்தத் தேதி வரை? ஐந்து வருஷ பாலிசியிலும் பல சமயம் இதை ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் போட்டிருப்பார்கள். நாமினி யார்? கம்பெனி இழுத்தடித்தால் 155255 என்ற எண்ணில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் சொல்லலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, நாலாம் தேதி திங்கட்கிழமை நாங்கள் யாரும் ஆபீஸ் போகவில்லை. எல்லோரும் வீட்டிலிருந்தே போன் எடுத்தோம். என் டீமில் இருந்த ஒவ்வொருவரும் பாலிசி நம்பர் கேட்கும் முன்பே சொன்ன வார்த்தை, "முதல்ல சாவியைப் போடாதீங்க. பாட்டரி வயரைக் கழட்டிடுங்க. கட்டி இழுத்துட்டுப் போக நாங்க ஏற்பாடு பண்றோம்." முடிச்சூர் பெண் அப்போது சீனியர் ஆகியிருந்தாள். அவள் அப்பா அம்மா நலமாக இருக்கிறார்கள், வீட்டை விற்றுவிட்டு மாடி போர்ஷனுக்கு மாறி விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அவள்தான் 2015 ரிஜிஸ்டரில் தான் எழுதிய அந்த வரியைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் சொல்லிச் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் என் செல்லுக்கு ஒரு போன். ஜாபர்கான்பேட்டை அம்மா. எட்டு வருஷம் என் நம்பரை வைத்திருக்கிறார்!

"மேடம், இப்ப வேளச்சேரியில இருக்கோம். கார் இடுப்பளவு தண்ணியில நிக்குது. அவரு கை துருதுருன்னு இருந்துச்சு, சாவியைப் பிடுங்கி அரிசி டப்பாவுல போட்டுட்டேன்."

மூன்று நாள் சாவி அரிசிக்குள்தான் இருந்ததாம். வண்டியைக் கட்டி இழுத்துப் போய், ஆயிலை மாற்றி, சீட்டைக் கழற்றிக் காய வைத்து, வயரிங் பார்த்தார்கள். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொங்கலுக்கு முன்பே அவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33.